ஆயர் பானாஸ்

மலாக்காவில் ஊர்களுக்குப் பெயர் வைத்தவர்களுக்குத் தண்ணீர் மேல் தனிப் பாசம் இருந்திருக்கிறது. ஆயர் மோலேக் என்று ஓர் ஊர். அழகான தண்ணீர் என்று அர்த்தம். ஆயர் கெரோ என்று இன்னோர் ஊர், கலங்கிய தண்ணீர். ஜாசின் மாவட்டத்தில் ஆயர் பானாஸ், சாட்சாத் வெந்நீர். இந்த மூன்று தண்ணீரையும் ஒரே நாளில், ஒரே மோட்டாரின் ரேடியேட்டருக்குள் பார்த்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தமிழ்நாட்டிலிருந்து யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு விளக்கம். மலேசியாவில் நாங்கள் மோட்டார் என்று சொன்னால் அது கிணற்றடியில் இருப்பதல்ல, மோட்டார் சைக்கிள். அதற்கு நாங்கள் பெட்ரோல் போடமாட்டோம், எண்ணெய் போடுவோம். பழுது பார்ப்பவர் மெக்கானிக் அல்ல, போமன். ஃபோர்மன் என்ற ஆங்கிலச் சொல் மலாய்க்காரர் வாயில் புகுந்து, நம் வாய்க்கு வந்து சேருவதற்குள் இப்படி இளைத்துப்போய்விட்டது.

நான் இருப்பது கெடாவில், சுங்கை பட்டாணியில். பிறந்தது மலாக்காவில், அசாஹான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஏழு வயதில் அங்கிருந்து கிளம்பி வந்தவன். பெரியம்மா மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போன் போடுவார். நானும் வருஷா வருஷம் "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன் பெரியம்மா" என்பேன். போன வருஷம் அவர் பாணியை மாற்றினார். "எனக்கு எண்பத்திரண்டு ஆச்சுடா. அடுத்த வருஷம் நீ வரும்போது நான் இருக்கேனான்னு போன் போட்டுக் கேட்டுட்டு வா" என்றார். அதற்கு மேல் சாக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் பஸ்ஸில் போகச் சொன்னார்கள். நான் மோட்டாரில் போவதென்று முடிவெடுத்தேன். காரணம் பொருளாதாரம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார்க்காரன் டோல் கட்டிக் கட்டி இளைத்துப்போவான். மோட்டாருக்கு ஒரு சென் கிடையாது. கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை எனக்காகச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள், அதை விட்டுவிட்டு பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது நன்றிகெட்ட செயல் என்று என் மனைவியிடம் விளக்கினேன்.

"டோல் இல்ல, சரி. வயசும் இல்லாமயா போச்சு?" என்றாள்.

எனக்கு ஐம்பத்தாறு. மோட்டாருக்கு ஒன்பது. என்னிடம் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தண்ணீரால் குளிர்விக்கும் வண்டி. கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டேன். நடந்ததில் அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை, பாவம், பெயரையாவது காப்பாற்றுவோம்.

எங்கப்பா வைத்திருந்தது ஹோண்டா கப். அந்தக் 'கப்'போடு, சின்னது என்று பொருள்படும் 'சாய்' என்ற கான்டனீஸ் சொல்லைச் சேர்த்துத்தான் 'கப்சாய்' என்ற பெயரே இந்த நாட்டில் வந்தது. இன்றைக்கு எந்தக் கம்பெனியின் சின்ன மோட்டாரும் கப்சாய்தான். அப்பாவின் கப்சாய்க்கு ரேடியேட்டரும் கிடையாது, அதற்குத் தண்ணீரும் கிடையாது. என்ஜினைச் சுற்றி மீன் செவுள் மாதிரி இரும்புத் தகடுகள் இருக்கும். காற்றுப் பட்டால் போதும், சூடு இறங்கிவிடும். பின்னால் இரண்டு பக்கமும் பால் வாளி, நடுவில் அம்மா, முன்னால் நான், இத்தனையையும் சுமந்துகொண்டு செம்மண் பாதையில் அது ஏறும். நின்றுவிட்டால் அப்பா இறங்கி, பிளேயரின் பின்பக்கத்தால் கார்புரேட்டரில் இரண்டு தட்டுத் தட்டுவார். கிளம்பிவிடும். அப்பாவுக்குத் தெரிந்த பழுது அது ஒன்றுதான். வண்டிக்கும் அது தெரியும் போலிருக்கிறது, வேறு பழுதே வந்ததில்லை.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினேன். பெரியம்மாவுக்கு ஒரு சேலை, டின் நிறைய அச்சு முறுக்கு, எனக்கு மாற்றுத் துணி, மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு. தைப்பிங்கில் மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி. நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஏழெட்டு மோட்டார்க்காரர்களோடு நின்றேன். மலாய்க்காரர், சீனர், நாம், எல்லோரும் ஒரே மாதிரி நனைந்து, ஒரே மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கும் இடம் அது. பிறகு ஈப்போ, தஞ்சோங் மாலிம், கோலாலம்பூர் நெரிசல். சிரம்பானைத் தாண்டியதும் இரண்டாவது மழை. முதல் மழை மேலே விழுந்தது என்றால் இது கழுத்து வழியாக உள்ளே இறங்கியது.

பெடாஸ் லிங்கி ஓய்விடத்தில் நிறுத்தினேன். மழை விட்டிருந்தது. மழைக்கோட்டைக் கழற்றிப் பிழிந்தால் ஒரு மங்கு தண்ணீர். இதை எங்கே வைப்பது? பைக்குள் வைத்தால் சேலை நனையும், முறுக்கு நமுத்துப்போகும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

என்னுடையது மாதிரிக் கப்சாய்களில் ரேடியேட்டர் முன் சக்கரத்துக்குப் பின்னால், கால் மறைப்புக்குள்ளே இருக்கும். அதிலிருந்து சதா சூடு வந்துகொண்டே இருக்கிறது. நல்ல சூடு. யாருக்கும் பிரயோஜனமில்லாமல் காற்றில் போகிறது. மழைக்கோட்டை நாலாக மடித்து ரேடியேட்டருக்கு முன்னால், இடுக்கில் பதமாகச் செருகினேன். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். அயர்ன் போட்ட மாதிரிகூட இருக்கும். இது மட்டும் ஜப்பான்காரனுக்குத் தோன்றியிருந்தால் காப்புரிமை வாங்கியிருப்பான் என்று நினைத்தபடி தே தாரேக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். பத்து நிமிடத்தில் அந்த மழைக்கோட்டை அடியோடு மறந்துவிட்டேன்.

நெடுஞ்சாலையில் ஜாசினுக்கே தனி வாசல் உண்டு. நான் எண்ணெய் போட வேண்டி ஆயர் கெரோவிலேயே இறங்கி, உள்சாலையில் போனேன். ஆயர் பானாஸ் என்று ஒரு பெயர்ப்பலகை தென்பட்டது. 'வெந்நீர்! எப்படித்தான் பெயர் வைக்கிறார்களோ' என்று சிரித்துக்கொண்டேன். அதற்கும் நியாயம் உண்டு. இந்த மாநிலத்தில் வெந்நீர் ஊற்றுகளுக்குக் குறைவில்லை. காடேக்கில் ஒன்று, செரானா புத்தேயில் ஒன்று. ஜனங்கள் குடும்பத்தோடு போய்க் காலை நனைத்துவிட்டு வருவார்கள். நான் சிரித்து முடிக்கவில்லை, மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மலாக்காவில் இன்னொரு வெந்நீர் ஊற்று என் முழங்காலுக்கடியில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.

அப்படியும் இப்படியுமாக ஜாசின் பட்டணம் வரை ஓட்டி, ஒரு கோப்பிக் கடை ஓரமாக நிறுத்தினேன். உஸ்ஸென்று ஆவி. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பழுதான மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்பவனின் முகத்தில் ஒரு களை வரும்; கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் முகத்துக் களை. நான் அந்த முகத்தோடு குனிந்து, எல்லாம் தெரிந்தவன் மாதிரி என்ஜினைப் பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் எதிரிலேயே இருந்ததைப் பார்த்திருப்பேன். மஞ்சளாக ஏதோ கண்ணில் பட்டது உண்மை. வண்டியின் பாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசல் மேசையில் ஒரு சீனப் பெரியவர், பனியனும் அரைக்கால் சட்டையுமாக, பாட்டில் மூடிகளை வைத்து எதிரே இருந்தவரோடு டாம் ஆடிக்கொண்டிருந்தார். என் மோட்டாரின் முன்பக்கத்தைத் தாடையால் சுட்டிக்காட்டினார்.

"பாஜு ஹுஜான்" என்றார்.

மழைக்கோட்டு. நான் வானத்தைப் பார்த்தேன். பளிச்சென்று நீலம். பரவாயில்லை, முன்பின் தெரியாத ஒருவன் மழையில் நனைந்துவிடக் கூடாதே என்று எவ்வளவு அக்கறை! "அடா, அடா" என்றேன். இருக்கிறது, இருக்கிறது.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சிம்பான்" என்றார். எடுத்து வை.

"சுடா சிம்பான்" என்றேன் பெருமையோடு. எடுத்து வைத்தாயிற்று.

பெரியவர் என்னையும் மோட்டாரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு பெருமூச்சோடு டாம் பலகைக்குத் திரும்பிவிட்டார். மலாக்கா ஜனங்கள் பண்பானவர்கள் என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

இதற்குள் ஒரு தம்பி வந்து சேர்ந்தான். இருபது வயதிருக்கும். அவனுடைய மோட்டார் என்னுடையதைவிடப் புதியது. அவன் தலைமுடி அதைவிடப் புதிய நிறத்தில் இருந்தது. ஒரு பார்வைதான் பார்த்தான்.

"தெர்மோஸ்டாட் அண்ணே. கன்ஃபர்ம்."

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர்க் குழாயில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. உள்ளே மெழுகு இருக்கும். என்ஜின் சூடானால் மெழுகு உருகி, உப்பி, கதவைத் திறக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வரும். கதவு மூடியபடியே இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளேயே கிடந்து கொதிக்கும். தம்பி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பாடம் சரி, நோயாளிதான் வேறு. "பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா அண்ணே? கழட்டித் தூக்கிப் போட்டுடலாம். வீடியோல பார்த்திருக்கேன்" என்று அவன் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனபோது பாய்ந்து பிடித்துக்கொண்டேன். இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியும். மூடி போட்ட ரேடியேட்டர் ஒரு குக்கர். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், உள்ளே இருக்கும் அழுத்தத்தால் 120ஐ நெருங்கியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் அத்தனையும் பொங்கி, ஆவியோடு முகத்தில் அடிக்கும். கொதிக்கும் மோட்டாருக்கு முதல் வைத்தியம் ஸ்பேனர் அல்ல, அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் நம்மிடம் எப்போதும் இருக்கிறது, பொறுமைதான் இருப்பதில்லை.

ஆறிய பிறகு, துணியைப் போட்டு மூடியை மெல்லத் திறந்தேன். என்னிடம் இருந்த மினரல் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். கண்ணாடி மாதிரி தண்ணீர், ஆயர் மோலேக். போதவில்லை. கோப்பிக் கடை அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். கைக்கு எட்டிய கெட்டிலை எடுத்து அவரே ஊற்றினார். அதற்கு முன்பு அதில் தேத்தண்ணி இருந்திருக்க வேண்டும். பழுப்பு நிறத்தில், இரண்டு தேயிலைத் துணுக்குகளோடு ரேடியேட்டருக்குள் இறங்கியது, ஆயர் கெரோ. என் மோட்டார் தே ஓ குடித்துவிட்டுப் புறப்பட்டது.

சிம்பாங் பெக்கோவை நெருங்கும்போது மறுபடி சிவப்பு விளக்கு. இரண்டு பக்கமும் செம்பனை. நிழல் இருந்தது, ஆள் இல்லை. கால் மணி நேரம் கழித்து ஒரு பழைய ஈஎக்ஸ்5 கப்சாய் வந்து நின்றது. எழுபதைத் தாண்டிய ஒருவர் இறங்கினார். சட்டைப் பையில் பேனா, மூக்குக் கண்ணாடி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என்ஜினை அவர் தொட்ட விதம் அப்படி. புறங்கையால், நெற்றியில் வைத்துப் பார்ப்பது போலக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எப்பலேருந்து காய்ச்சல்?"

"ஆயர் பானாஸ் தாண்டினதுலேருந்துங்க ஐயா."

"வாந்தி?"

"ஜாசின்ல ஒரு தடவை."

குனிந்து வண்டிக்கு அடியில் என்ஜின் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். "பேதி இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்: "பயணத்துல புதுசா ஏதாச்சும் சேர்த்தீங்களா? எதையாவது மாத்தி வெச்சீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நாற்பது வருஷ அனுபவம் பேசியது. அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். நான் உண்மையாகவே யோசித்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், நன்றாக யோசித்தேன்.

"ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எனக்கு என்னவோ அவர் நம்பாத மாதிரி இருந்தது. "எனக்கு ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க. காலையில வேலைப் பெரட்டுக்குப் போகாம இருக்க, கக்கத்துல வெங்காயத்தை வெச்சுக்கிட்டுக் காய்ச்சல்னு வந்து நிப்பாங்க. அந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். இது உடம்பு சரியில்லாத மோட்டார் மாதிரி தெரியல. எண்ணெய் சுத்தமா இருக்கு, சத்தம் சீரா இருக்கு. எங்கேயோ வெங்காயம் இருக்கு."

வெங்காயம் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. 'ரிட்டயர் ஆனவர், ஏதோ பேசுகிறார்' என்று சிரித்துவைத்தேன்.

அடுத்து, ஈரத் துண்டை என்ஜின் மேல் சுற்றலாம் என்றார். அதை மட்டும் பணிவாக மறுத்தேன். காய்ந்து சிவந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கலாம்; சூடேறிய என்ஜின் மேல் தெளித்தால் உலோகம் திடீரென்று சுருங்கி வெடிப்பு விடும். "அப்படின்னா படுக்கையில ஓய்வு" என்று மருந்தை மாற்றி எழுதினார். இருவரும் உட்கார்ந்தோம். அச்சு முறுக்கு டின்னைத் திறந்தேன்.

முறுக்கைக் கடித்தபடி அவர் 1991ஐப் பற்றிச் சொன்னார். அந்த வருஷம் டூரியான் துங்கல் அணை வற்றிப்போய் மலாக்கா முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். லோரியில் தண்ணீர் வரும் என்று வாளியை வரிசையில் வைத்துவிட்டு ஜனங்கள் காத்துக் கிடந்த காலம். "குளிக்கவே தண்ணி இல்ல. அப்ப இந்த மாதிரி தண்ணி குடிக்கிற மோட்டாரை வெச்சிருந்தா, மோட்டாரையும் வெளியே தள்ளியிருப்பாங்க, உங்களையும் தள்ளியிருப்பாங்க" என்றார். தன்னுடைய ஈஎக்ஸ்5ஐ ஒரு தாத்தா பேரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதற்குத் தண்ணீர் வேண்டாம். அப்பாவின் வண்டியைப் போலக் காற்றைத் தின்று வாழ்கிற ஜென்மம்.

நோயாளியைத் தனியாக விடக்கூடாது என்று அசாஹான் வரை பின்னாலேயே வந்தார். சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் ஹார்ன் அடித்து என்னை நிறுத்தச் சொன்னார். அப்படி ஒரு தடவை நிறுத்திய இடத்தில், பெரிய மரத்தடியில் ஒரு முனியாண்டி கோயில். தகரக் கொட்டகை, சிவப்புத் துணி, நட்டு வைத்த அரிவாள், அணைந்த சுருட்டு. பூசாரி வெளியே வந்தார். மோட்டாரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"வண்டி எடுத்ததுக்கப்புறம் பூசை போட்டீங்களா?"

போடவில்லை.

"அதான்."

இவ்வளவு சுருக்கமான நோய் நிர்ணயத்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்துக்கடியில் வைத்தார். வண்டியைத் தள்ளி நசுக்கினோம். டிரசர் ஐயா எதிர்ப்புச் சொல்லவில்லை. "மனசுக்குத் தைரியம் வரும்ல. அதுவும் மருந்துதான்" என்று என் காதோடு சொன்னார்.

மோட்டார் ஆறட்டும் என்று மூவரும் உட்கார்ந்திருந்தோம். எதிரே செம்பனைக்கு மேலே லேடாங் மலை. 1,276 மீட்டர். சின்ன வயதில் லயத்து வாசலில் நின்று பார்த்த அதே மலை. அப்போது அதற்கும் வீட்டுக்கும் நடுவில் முழுக்க ரப்பர். மலாயாவில் முதன்முதலில் ரப்பரைத் தோட்டமாகப் போட்டது இந்த மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சொச்சத்தில் தொடங்கினார். அது பிழைத்துக்கொண்டதும் புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் போட்டார். அதற்கு முன்பு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி துரை, ரப்பர் போடுங்கள் ரப்பர் போடுங்கள் என்று பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் சொல்லி, பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கியிருந்தார். சரியான விஷயத்தைச் சொல்கிறவனை யார்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். ஜாசின் கோப்பிக் கடையை விட்டு வந்து அப்போது இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

மலை மறைந்தது. பிறகு மலைக்கு முன்னால் இருந்த செம்பனை மறைந்தது. மழை சத்தத்தோடு ஓடி வந்தது. அவர்கள் இருவரும் கொட்டகைக்குள் போனார்கள். நான் மழைக்கோட்டை எடுக்க மோட்டாரிடம் ஓடினேன்.

பைக்குள் இல்லை. சீட்டுக்கு அடியில் இல்லை. டின்னுக்குக் கீழே இல்லை. எங்கே வைத்தேன்? பெடாஸ் லிங்கியில் பிழிந்தேன். மடித்தேன். நாலாக மடித்தேன். பிறகு...

மழையில் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. காதில் ஒரு சீனக் குரல், அமைதியாக, 'பாஜு ஹுஜான்' என்றது.

குனிந்து இழுத்தேன். எளிதில் வரவில்லை; ரேடியேட்டரோடு உறவாகிவிட்டிருந்தது. ஓர் இழுப்பில் பிய்ந்து வந்தது. நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டியவரை ஓரஞ்சாரமாக ஏதோ கொஞ்சம் காற்றுப் போயிருக்கிறது. ஊர்ச்சாலையில் மெதுவாக வந்ததும் அதுவும் நின்றுவிட்டது. உள்ளே இருந்த காற்றாடி பாவம், மழைக்கோட்டை உறிஞ்சி உறிஞ்சி ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டியிருக்கிறது. குளிரடித்த பிள்ளைக்குப் போர்த்துவது போல, கொதிக்கிற மோட்டாருக்கு நான் போர்த்திவிட்டு இத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறேன்.

ஆனால் கோட்டு காய்ந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொட்டு ஈரம் இல்லை. அன்றைய பயணத்தில் என் திட்டப்படி நடந்த ஒரே காரியம் அதுதான்.

விரித்துப் பார்த்தேன். முதுகுப் பக்கத்தில் ரேடியேட்டரின் தகடுகள் அத்தனையும் வரிவரியாக, இடியாப்பத் தட்டு அச்சு மாதிரி பதிந்திருந்தன. 1823இல் ஸ்காட்லாந்துக்காரர் மேக்கின்டாஷ், துணிக்கு நடுவில் ரப்பரைப் பூசி மழைக்கோட்டுக்குக் காப்புரிமை வாங்கினாராம். என்னுடையது அந்தப் பரம்பரையில்லை, பிளாஸ்டிக். ரப்பர் வளர்ந்த மண்ணில் வைத்து, பிளாஸ்டிக் என் மானத்தை வாங்கியது.

கொட்டகையில் இருந்து டிரசர் ஐயா, "என்ன தம்பி, நனையறீங்க?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லைங்க ஐயா!" என்று கோட்டை மாட்டிக்கொண்டேன். முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து கொட்டகைக்குள் போனேன். சாமியைப் பார்த்துவிட்டு முதுகு காட்டாமல் வெளியே வருகிறவர்கள் உண்டு. முதுகு காட்டாமல் உள்ளே போனவனைப் பூசாரி அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

மழை விட்டது. வண்டியைக் கிளப்பினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. தோட்டத்து மேடு ஏறியும் எரியவில்லை. பூசாரி இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். டிரசர் ஐயா தோட்டத்து வாசல் வரை வந்து, என்ஜினைப் புறங்கையால் பார்த்து, "காய்ச்சல் விட்டுப்போச்சு. ஓய்வுதான் மருந்துன்னு அப்பவே சொன்னேன்" என்றார். பெரியம்மா தன் பங்குக்கு, "ஐந்நூறு கிலோமீட்டர் வந்திருக்கு, கண்ணு படாம இருக்குமா" என்று உப்பும் மிளகாயும் எடுத்து மோட்டாரைச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை. "பார்த்தியா, எவ்வளவு கண்ணு" என்றார். ராத்திரி ஜாசின் தம்பியிடமிருந்து வாட்சாப்: 'அண்ணே எப்படி? தெர்மோஸ்டாட் சில டைம் தானா திறந்துக்கும்.'

திருவிழாவில் இந்தக் கதை நாலு விதமாக நடமாடியது. கரகம் வருவதற்கு முன்பு ஒரு கூட்டம் எலுமிச்சம்பழத்தின் மகிமையைப் பேசியது. கரகம் வந்த பிறகு இன்னொரு கூட்டம் டிரசர் கைராசியைப் பேசியது. என்னிடம் வந்து கேட்டவர்களிடமெல்லாம் நான், "நான் என்னத்தைக் கண்டேன், எல்லாம் உங்க புண்ணியம்" என்றேன். நாலு பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரு மழைக்கோட்டைக் காட்டி நாலு பேர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில்தான் கண்டம். பெரியம்மாவுக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. புதுக்கண். பசியாறிக்கொண்டிருந்தபோது கொடியில் காயப்போட்டிருந்த மழைக்கோட்டின் முன்னால் போய் நின்றார்.

"ஏன்டா, இது என்ன முதுகுல சல்லடை சல்லடையா?"

"டிசைன் பெரியம்மா."

தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டின கை. ரப்பர் எது, பிளாஸ்டிக் எது, கருகினது எது என்று அந்தக் கைக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, "இந்தக் காலத்துல எது எதுக்குத்தான் டிசைன் போடறதுன்னு இல்லாமப் போச்சு" என்றார். அவர் சிரிப்பை அடக்கினாரா, இருமலை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது வேண்டுமென்றே ஜாசின் வழியாக வந்தேன். அதே கோப்பிக் கடை, அதே மேசை, அதே பனியன். பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது: கோப்பிக் கடைக்கு அடுத்து ஒரு மூடிய கடை. இரும்புக் கதவில் மங்கிப்போன பெயிண்டில் ஒரு மோட்டார் படம். "அவர் கடைதான். போமன். இப்ப ரிட்டயர்" என்று கடை அம்மா மலாயில் சொன்னார்.

பெரியவர் நிமிர்ந்தார். என் மோட்டாரின் முன்பக்கத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. தாடையை உயர்த்தினார்.

"பாஜு ஹுஜான்?"

பின்னால் கட்டியிருந்த பையைத் தட்டிக் காட்டினேன். "சிம்பான்."

அவர் ஒரு மூடியை எடுத்து, எதிராளியின் மூன்று மூடிகளைத் தாண்டி வைத்தார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தே ஓ வேண்டும் என்றேன். கடை அம்மா கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார், என் மோட்டாரைப் பார்த்தார்.

"ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்.